மண்ணையே தொட்டிலாக்கும் பறவை

அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரப் பக்கம் அதிகாலையில் நடந்து சென்றிருக்கிறீர்களா? மனித நடமாட்டம் கண்டதும் ஒரு பறவை வானில் எழுந்து, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கூச்சலிடும். ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். நீண்ட மஞ்சள் கால்களும், கண்ணுக்கு முன்னே சிவந்த சதை மடிப்பும் கொண்ட இப்பறவையைக் கிண்டி தேசியப் பூங்காவிலும், 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையிலும் காணலாம்.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில் சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் கூழாங்கற்களைப் பரப்பி, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடுகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இதன் இனப்பெருக்க காலம். காகம், பருந்து, கீரி, நாய் என எதிரிகள் பலர். வேலியும் கதவும் இல்லாத அந்த வீட்டுக்குக் காவல் எது?

முதற்காவல் முட்டையின் நிறம். மண்ணிறத்தின் மேல் கரும்புள்ளிகள் படர்ந்திருப்பதால், அருகில் நின்றாலும் கல்லென்றே தோன்றும். இரண்டாவது காவல் தந்திரம். பகைவன் நெருங்கினால் அடைகாக்கும் பறவை ஓசையின்றி நழுவி, தொலைவில் போய்க் கூவும். சில வேளைகளில் அடிபட்டதுபோல் நடித்துப் பகைவனைத் தன் பின்னே இழுத்துச் செல்லும். மூன்றாவது துணிவு. காகமும் நாயும் வந்தால் மேலிருந்து பாய்ந்து விரட்டும். மேய வரும் பெரிய விலங்குகளையும் எதிர்த்து நிற்கும்.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. கொளுத்தும் வெயிலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி முட்டைகளுக்கு நிழலாக நிற்கின்றன. தண்ணீரில் வயிற்றுச் சிறகுகளை நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கின்றன. ஏறத்தாழ நான்கு வாரங்கள் இந்தப் பொறுமை தொடர்கிறது.

நமக்கான பாடம் இங்குதான். ஆசையோடு முட்டையைப் பார்த்தபடி நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் விலகியே நிற்கிறது. முட்டைகள் வெயிலில் வேகின்றன. காகத்தை ஏமாற்றும் தந்திரம் நம் ஆர்வத்தின் முன் தோற்றுப் போகிறது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு பறவைக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது.

ஆகவே, ஆள்காட்டி கத்தினால் நின்று தேடாதீர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். அந்தத் தாய்க்கு நாம் செய்யக்கூடிய உதவி அதுவே.