72 மணி நேரம்தான் கெடு! உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க

மணவாளக்குறிச்சி,
"நாலு பேரு அறிஞ்சா கேவலம்லா" என்று வாயை மூடிக்கொள்ளும் வீட்டிலும் கடிகாரம் நிற்பதில்லை.

பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் தடுக்க மாத்திரை உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரைக்கும் தாமதம் ஆகாது. ரத்தப் பரிசோதனை அன்றே ஒருமுறை. 3 மாதம் கழித்தும் தேவை.

துணியைத் துவைத்தால் தடயம் போச்சு. குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போக வேண்டும்.

இங்கிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. போலீசில் புகார் எழுதிய பிறகுதான் சிகிச்சை என்று சட்டம் சொல்லவில்லை. போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. தனியார் ஆஸ்பத்திரியும் காசு வாங்காமல் பார்க்க வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்!

மானத்தைக் குலைத்த 'இரு விரல் சோதனை'க்கு 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுவிட்டது.

துணைக்கு ஆளில்லையா? 181-க்குப் போன் போடலாம்.