ஏரியின் நேரத்துக்கு ஒரு வகுப்பு

பழவேற்காடு ஏரியில் இறால் தடவும் இருளர் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பறி மறக்காது. பனையோலையில் முடைந்த சிறு கூடை. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். அகப்பட்ட இறால் வாயிலிருக்கும் பறிக்குள் போய்விடும். இந்த வேலைக்குத் தண்ணீர் வற்றும் நேரம்தான் கணக்கு. இன்று காலை ஆறு மணிக்கு வற்றினால் நாளை ஏழை நெருங்கிவிடும். அம்மா தண்ணீரில் இறங்கினால் கைக்குழந்தையைக் கரையில் யார் வைத்துக்கொள்வது? மூத்த பெண்தான். அவளுக்கே ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும்.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரியோரமாக இருக்கிறது சுண்ணாம்புக்குளம். ஏரியடியில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த வட்டாரம் இது. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்குப் பகுதி மட்டும் நம்மிடம். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. பாடு முறையில் முறைவைத்து வலை போடும் பட்டினவர் மீனவக் குப்பங்களுக்கே அப்போது கை காய்ந்துவிடும். பாட்டில் பங்கில்லாமல் கையால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பம் என்ன செய்யும்? முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ கிளம்பும். அப்படிக் கிளம்பும்போது பிள்ளையின் பெயர் மட்டும் பள்ளிப் பதிவேட்டில் தங்கிவிடுகிறது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியே செல்லாத பிள்ளையையும் இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. ஆண்டுதோறும் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர்கள் கணக்கெடுப்புக்கும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் குடும்பம் ஏரியில் இருக்கும், அல்லது சூளையில் இருக்கும். பூட்டிக் கிடக்கும் குடிசையிடம் யார் போய்க் கேட்பது?

தொண்டு நிறுவனத்தின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஊருக்குள்ளேயே இருக்கும் ஒருவர், எந்தக் குடும்பம் எப்போது போனது, எப்போது திரும்பும், எந்தப் பெண் எத்தனை நாளாக வகுப்புக்கு வரவில்லை என்பதைக் கேட்காமலே அறிந்தவர், அவர்தான் முதல் தேவை. கட்டடம் அப்புறம்.

வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 1985இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு தொடங்கியபோது அப்படித்தான் செய்தது. முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, பெரும்பாலும் அதே கிராமத்துப் பெண். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் வடபகுதியில் 1995இல் தொடங்கிய ‘ஸ்கூல் ஃபார் லைஃப்’ வயல்வேலை குறைந்த மாதங்களைப் பார்த்து ஒன்பது மாத வகுப்பு வைத்தது. நாளுக்கு மூன்று மணி நேரம், பிற்பகலில், தாய்மொழியில். எட்டிலிருந்து பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்குள் போனார்கள். வெளியே நிற்கும் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுசேர்க்கும் துணைக்கல்வி என்று நாம் சொல்வதற்கு நல்ல உதாரணம் அது. எல்லைக் கிராமங்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தாய்மொழிப் பாடம் பொருந்தும்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அதைச் சொன்னது அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்து அமைப்பு ஒன்று. பேராசிரியர் மாமிடிப்பூடி வெங்கடரங்கையாவின் நினைவாக 1981இல் தொடங்கப்பட்ட எம்.வி. ஃபவுண்டேஷன், 1990களின் தொடக்கத்தில் ரங்காரெட்டி மாவட்டத்தில் கொத்தடிமைச் சிறுவர்களை மீட்கும் வேலையில் இறங்கியது. அப்போது நாடெங்கும் நடந்த ‘முறைசாராக் கல்வி’ என்பது, பகலெல்லாம் உழைத்த பிள்ளைக்கு இரவில் இரண்டு மணி நேரப் பாடம். அந்த ஏற்பாடே குழந்தை உழைப்பை நிலைநிறுத்துகிறது என்றார் அமைப்பை வழிநடத்திய சாந்தா சின்ஹா. பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான் என்று அந்த அமைப்பு வரையறுத்தது. அதனால் இரவுப் பள்ளியை விட்டுவிட்டு, வேலையிலிருந்து பிள்ளையை முழுக்க விடுவித்துத் தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கும் இணைப்பு முகாம்களை நடத்தியது. முகாம் முடிந்தால் அரசுப் பள்ளி, அரசு விடுதி. அரசுப் பள்ளி ஆசிரியர்களே குழந்தை உழைப்புக்கு எதிராக ஒரு தனி மேடையாகத் திரண்டதும் அங்கேதான். சாந்தா சின்ஹாவுக்கு 2003இல் மகசேசே விருது கிடைத்தது. 2007இல் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் முதல் தலைவரானார். பெற்றோரின் வறுமையைவிடப் பள்ளியின் வாசல்படி உயரம்தான் பெரிய தடை என்பதை அந்த முகாம்கள் கண்முன்னே காட்டின. ஏழைத் தாய்க்குப் பிள்ளை படிக்கவேண்டாம் என்ற எண்ணமே கிடையாது.

பள்ளிக்குள் கொண்டுசேர்க்கும் வகுப்புக்கும் பள்ளிக்குப் பதிலாக நின்றுவிடும் வகுப்புக்கும் உள்ள வேறுபாடு நம் ஊரில் அடிக்கடி மங்கிப் போகிறது. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கொரோனாக் கால இழப்பை ஈடுகட்டத் தன்னார்வலர்களை வைத்து மாலையில் நடந்தது. நல்ல திட்டம். அது பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கான கைத்தாங்கல். பள்ளிக்கே போகாத பிள்ளையை அந்த மாலை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, அவளும் படிக்கிறாள் என்று கணக்கு முடித்துவிடக் கூடாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று சொன்ன பிறகு இந்தக் கவலை எனக்குக் கூடியிருக்கிறது. நண்டு பிரிப்பதும் இறால் தலை கிள்ளுவதும் குடும்பத் தொழில்தானே என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம்.

ஆகவே ஏரிக்கரையில் துணைக்கல்வி மையம் நடத்த வரும் எந்த நிறுவனத்தையும் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். இந்த ஆண்டு உங்கள் மையத்தை விட்டு எத்தனை பேர் அரசுப் பள்ளிக்குப் போனார்கள், அடுத்த ஆண்டும் அங்கே இருந்தார்களா? எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணைப் பலகையில் எழுதிவைப்பது சுலபம். தலைமையாசிரியரிடம் நடந்து நடந்து வயதுக்கேற்ற வகுப்பு வாங்கித் தருவது சுலபமில்லை. இருளர் பிள்ளைக்குப் பழங்குடிச் சாதிச் சான்று தர வேண்டியவர் கோட்டாட்சியர். அதற்காக ஒரு நாள் இறாலை விட்டுவிட்டு அலுவலகப் படியேறும் தகப்பனோடு கூடப் போய் நிற்பதும் கல்விப் பணிதான். அந்தச் சான்று இல்லாவிட்டால் உதவித்தொகைக்கு வழியிருக்காது. குடும்பம் சூளைக்குப் போனால் பின்னாலேயே பிள்ளையின் விவரமும் அங்குள்ள பள்ளிக்குப் போகவேண்டும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகளுக்கு ஒடியா மொழிப் பாடநூல்களை வரவழைத்து வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். ஏரிக்கரைப் பிள்ளைக்கு அதே மாவட்டத்துக்குள் ஒரு தகவல் போய்ச் சேர்வது அதைவிடக் கடினமா?

கரையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணுக்குப் பாடநூலும் நோட்டும் தரலாம், தரத்தான் வேண்டும். அவளுக்கு முதலில் வேண்டியது அந்தக் குழந்தையை இறக்கிவைக்க ஓர் இடம். தண்ணீர் வற்றும் நேரம் தெரிந்து, அதற்கு முன்பே கதவு திறக்கும் ஓர் அங்கன்வாடி. அம்மா பறியோடு இறங்குவதற்குள் தம்பியை அங்கே விட்டுவிட்டால், மணியடிக்குமுன் அவள் பள்ளிக்குப் போய்விடலாம்.