விடுமுறைக்கு வந்த பிள்ளையும் விருந்துத் தட்டும்

டிசம்பர் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களைக் கவனித்திருப்பீர்கள். தோளில் ஒரு பையும் கையில் அழுக்குத் துணி மூட்டையுமாக இளைஞர்களும் இளம்பெண்களும் வந்து இறங்குவர். படிப்பின் நிமித்தம் வெளியூர் விடுதிகளுக்குச் சென்ற பிள்ளைகள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வீடு திரும்பும் காட்சி அது. வீட்டிலும் ஆயத்தங்கள் குறைவின்றி நடந்திருக்கும். அரிசி ஊறவைத்து மாவாக்கியாயிற்று. அச்சுமுறுக்கு அச்சு பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஆட்டிறைச்சிக்கு அப்பா முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். ஆனால், வருகின்ற பிள்ளையோடு என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதற்கு மட்டும் எவ்வித ஆயத்தமும் இராது.

இதை எழுதுகின்ற நான் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் விடுதிக் காப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் திரும்பி வரும் மாணவர்களிடம் விடுமுறை எப்படிக் கழிந்தது என்று விசாரிப்பது என் வழக்கம். "நன்றாகச் சாப்பிட்டோம், சார்" என்பார்கள். வீட்டில் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பிறர் வீட்டுக் குறையைச் சொல்லிவிட்டு என் வீட்டை மறைப்பது நேர்மையாகாது. என் மகள் வெளியூர்க் கல்லூரியில் வணிகவியல் முதலாண்டு படித்தபோது அவ்விழாவுக்காகப் பத்து நாள் வீட்டில் இருந்தாள். நான் கேட்ட முதற் கேள்வி, "தேர்வு எப்படி எழுதினாய்?" அவள் சொன்ன பதில், "நன்றாக எழுதியிருக்கிறேன், அப்பா." அதற்குமேல் நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. கணக்கியல் தாளில் தான் தேறப்போவதில்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவளுக்கு ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகள் நான்கு மாதமாகப் பாதிதான் விளங்கின. படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணியவள், அதைத் தன் அத்தையிடம் பிப்ரவரி மாதத்தில் சொல்ல, அத்தை வாயிலாக எனக்குத் தெரிய வந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காப்பாளனாக இருந்தவன் நான்! அந்தப் பத்து நாளும் அவள் தட்டில் நான் எடுத்து வைத்த அதிரசங்களுக்குக் கணக்கே இல்லை.

அன்பைக் காட்டும் வழியாக உணவைக் கொள்வது நம் மரபு. அதில் பிழை ஏதுமில்லை. பேச வேண்டிய இடத்திலும் உணவையே வைத்துவிடுவதுதான் பிழை. விளைவாக வயிறு தேவைக்கு மேல் நிரம்புகிறது, மனமோ வந்தபடியே திரும்பிச் செல்கிறது.

முதல் நாள்

வந்து இறங்கிய பிள்ளையைக் குளிக்கவும் உண்ணவும் உறங்கவும் விடுங்கள். தேர்வுக் காலத்தில் இழந்த உறக்கத்தை அவர்கள் முதலிரண்டு நாளில் மீட்டுக்கொள்வார்கள். பகலில் நெடுநேரம் தூங்கினால் சோம்பேறி என்று ஏசவேண்டாம். மதிப்பெண் கேள்வியை அன்று எடுக்கவே வேண்டாம். "ஆம்", "இல்லை", "நன்றாக இருக்கிறது" என்ற விடைகளோடு முடிந்துபோகும் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். "உன் அறையில் யார் யார் இருக்கிறார்கள்? எந்த ஊர்ப் பிள்ளைகள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த வகுப்பு உனக்கு எளிதாக விளங்குகிறது? எதில் சிரமப்படுகிறாய்?" என்று கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள், இதுதான் கடினமானது. பிள்ளை விடை தேடும் அரை நிமிட மௌனத்தைப் பொறுக்கமாட்டாமல் நாமே அறிவுரையைத் தொடங்கிவிடுகிறோம்.

கல்லூரி நடைமுறையைப் பற்றிப் பெற்றோர் சிறிதேனும் அறிந்திருப்பது நல்லது. இக்காலத்தில் ஆண்டுத் தேர்வு இல்லை. பருவத்துக்கு ஒன்றாகத் தேர்வுகள் வருகின்றன. மதிப்பெண்ணில் ஒரு பகுதி அகமதிப்பீடாகக் கல்லூரியிலேயே வழங்கப்படுகிறது. வருகைப்பதிவு பெரும்பாலும் 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. ஒரு தாளில் தவறினால், பள்ளியில் நாம் அறிந்ததுபோல் அதே வகுப்பில் அமரவேண்டியதில்லை. 'அரியர்' என்னும் அத்தாளை மட்டும் மீண்டும் எழுதித் தேறலாம். இதை அறியாத தந்தை ஒருவர், மகனுக்கு ஒரு தாள் போயிற்று என்று கேள்விப்பட்டதும் படிப்பே போயிற்று என்று எண்ணி, மாட்டுக் கொட்டகையில் அமர்ந்து அழுததாக அம்மாணவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். மறுபருவத்தில் அவன் அத்தாளைத் தேறிவிட்டான்.

பணத்தைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேசலாம். அரசுப் பள்ளிகளில் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டன. அத்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே செல்லுமாறு அவை வகுக்கப்பட்டன. இப்படிக் கையில் பணம் வரும் பிள்ளையிடம், "என்ன செய்தாய்?" என்று அதட்டுவதைவிட, வீட்டுச் செலவுக் கணக்கை அவர்முன் விரித்துவைத்து, "இதைப் பார்த்து நீயும் ஒரு கருத்துச் சொல்" என்று கேட்பது மேல்.

அடுப்படியே ஆலோசனை மண்டபம்

எதிரெதிரே நாற்காலி போட்டு, "உன்னோடு பேசவேண்டும், உட்கார்" என்று தொடங்கும் பேச்சு எவ்வயதினருக்கும் விசாரணையாகவே தோன்றும். கை ஒரு வேலையில் இருக்க, கண்கள் அவ்வேலையைப் பார்த்திருக்க, அருகருகே அமர்ந்து பேசும்போது வாய் தானே திறக்கும். அதற்குப் பலகாரம் சுடும் மாலையைவிடச் சிறந்த வேளை வேறில்லை. மகளை மட்டுமன்று, மகனையும் அழையுங்கள். கல்கல் மாவைச் சீப்பில் உருட்டவும், முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்கவும், முறுக்குப் பிழியவும் ஆண்பிள்ளைக்கும் கைகள் உண்டு. தந்தையரும் சற்று நேரம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தேங்காய் துருவலாம். கைப்பேசிகள் எல்லாம், பெற்றோருடையவை உட்பட, அந்த ஒரு மணி நேரம் அலமாரியில் இருக்கட்டும்.

அங்கே வெளிப்படுவது எதுவாயினும் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எனக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை" என்று மகன் சொன்னால், "அப்படியா, எதனால்?" என்பதோடு நிறுத்துங்கள். அண்டை வீட்டுப் பையன் பொறியியலில் முதலிடம் பெற்ற செய்தியைச் சொல்வதற்கு அது நேரமன்று. (அவனை ஒப்பிட்டுப் பேசுவதற்கு வேறு எந்த நேரமும் ஏற்றதன்று என்பது என் கருத்து.)

சில பிள்ளைகள் அடுப்படிக்கே வரமாட்டார்கள். எந்நேரமும் அறைக்குள் அடைந்து கிடப்பது, விரும்பி உண்டதையும் ஒதுக்குவது, கல்லூரிக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்கக் கலங்குவது ஆகியவற்றைக் கண்டால் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். மூத்த மாணவர்களின் கேலிவதை அதற்குக் காரணமாயிருக்கலாம். அதைத் தடைசெய்யத் தமிழ்நாடு 1997-லேயே சட்டம் இயற்றியது; பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ல் கடுமையான விதிகளை வகுத்தது. கல்லூரி நிர்வாகத்திடம் பெற்றோர் நேரில் முறையிடத் தயங்கவேண்டியதில்லை. மனச்சோர்வு என்று தோன்றினால், 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' என்னும் உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விருந்தினர் வருகிறார்கள் என்று ஒத்திப்போடவேண்டாம்.

தட்டில் என்ன இருக்கிறது?

இனி அடுப்பின்மேல் இருப்பதைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான பேராய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், ஏறத்தாழ 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. ஆகவே, விழா விருந்தில் அமரும் எந்தக் குடும்பத்திலும் இது அயலார் கதையன்று.

உலக நலவாழ்வு நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று கூறுகிறது. இரண்டு துண்டு கேக்கும் ஒரு குவளை குளிர்பானமும் அந்த அளவைக் கடந்துவிடும். வெல்லத்தில் செய்ததால் அதிரசம் தீங்கற்றது என்று பலர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொள்கின்றனர். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் கலந்தபின் அதற்குத் தனிச் சலுகை கிடைப்பதில்லை.

அதற்காகப் பலகாரமே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஏழு வகைக்குப் பதிலாக மூன்று வகை செய்யலாம். தீபாவளிக்கு நமக்குத் தட்டு அனுப்பிய அண்டை வீட்டாருக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, டப்பாவில் மிஞ்சுவதைக் குறைவாக வைக்கலாம். புத்தாண்டுக்குப் பிறகும் தீராத முறுக்கு டப்பா எந்த வீட்டுக்கும் நன்மை செய்ததில்லை. பொரித்து மிஞ்சிய எண்ணெயோடு புது எண்ணெயைச் சேர்த்து மறுபடி பொரிக்கும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெயில் கேடு விளைவிக்கும் பொருள்கள் பெருகுகின்றன. மிஞ்சியதை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிதத்துக்குச் செலவிடுவதே முறை.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தவுடன் கேக்கும், விடியலில் ஆட்டுக்கறிக் குழம்போடு இடியாப்பமும், நண்பகலில் பிரியாணியும் என்று வயிற்றுக்கு ஓய்வில்லாத நாள் அது. நண்பகல் விருந்தில் வெள்ளரி, தக்காளி, வெங்காயம் கலந்த காய்த்தட்டை முதலில் உண்டு, பிறகு இறைச்சியையும் இறுதியில் சோற்றையும் எடுத்துக்கொண்டால், அதே உணவுக்கு இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. உண்டவுடன் படுக்காமல் குடும்பமாகப் பதினைந்து நிமிடம் நடந்து வந்தால் மேலும் நல்லது. ஒவ்வொரு குடிலாகப் பார்த்துவர அதுவே வாய்ப்பு. மதியம் கூடுதலாக உண்ணலாம் என்று எண்ணி, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவுக்காரர் காலை உணவைத் தவிர்ப்பது ஆபத்தானது. சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். மிஞ்சிய பிரியாணியை அண்டாவிலேயே மாலைவரை மூடிவைக்கக்கூடாது. சமைத்த சோற்றிலும் இறைச்சியிலும் கிருமிகள் விரைவில் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடவேண்டும்.

இங்கேயும் பேச்சுக்கு இடமுண்டு. விருந்துக்கு வரும் பெரியம்மாவோ சித்தப்பாவோ, "என்னடா இப்படி இளைத்துவிட்டாய்?" என்றோ, "விடுதிச் சாப்பாட்டில் நன்றாகப் பெருத்துவிட்டாளே!" என்றோ வாசலிலேயே தொடங்குவார்கள். அன்பில் சொல்வதுதான். ஆயினும் பதினெட்டு வயதுப் பெண் அச்சொல்லைப் பல மாதம் சுமப்பாள். விடுதியில் இரவு உணவைத் தவிர்ப்பாள். அப்படித் தவிர்த்து வகுப்பில் மயங்கி விழுந்த மாணவியரை நான் அறிவேன். அத்தகைய நேரத்தில் தாய் குறுக்கிட்டு, "அதை விடுங்கள் அக்கா, பயணம் எப்படி இருந்தது?" என்று பேச்சைத் திருப்பிவிடலாம். பிள்ளை "போதும்" என்றபின் தட்டில் இன்னொரு கரண்டி வைக்காமல் இருப்பதும் ஒருவகையில் அவர் சொல்லைக் கேட்பதே.

திரும்பிச் செல்லும்போது கொடுத்தனுப்பும் மூட்டையில் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, எள்ளுருண்டை, பருப்புப்பொடி ஆகியவற்றை வைக்கலாம். பசியோடு நள்ளிரவுவரை படிக்கும் மாணவருக்கு அவை பயன்படும், கெட்டும்போகா. அறைத் தோழருக்கும் சேர்த்து வையுங்கள்.

என் மகள் அந்தக் கணக்கியல் தாளை அடுத்த பருவத்தில் எழுதித் தேறினாள். பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு டிசம்பர் மாலையில், குழம்புக்காக இருவரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, "அந்த வருடம் என்னிடம் ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொல்லலாம் என்றுதான் மூன்று முறை உங்கள் அறைவரை வந்தேன், அப்பா. ஒவ்வொரு முறையும், 'சாப்பிட்டாயா?' என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்" என்றாள்.