கட்டுண்ட நுண்ணுயிர்கள்

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டையும் பூட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு பூட்டுக்கு அதற்கென அமைந்த சாவியே பொருந்தும். உயிர்களின் உடலில் நிகழும் இரசாயன மாறுதல்களை விளக்க முற்பட்ட ஜெர்மானிய அறிஞர் எமில் ஃபிஷர், 1894-ஆம் ஆண்டில் இந்தப் பூட்டையும் சாவியையுமே உவமையாக எடுத்துக்கொண்டார். உயிரணுக்களுக்குள் நொதிகள் என்னும் புரதப் பொருள்கள் உள்ளன. ஒவ்வொரு நொதியும் தனக்குப் பொருந்திய பொருளை மட்டுமே பற்றி, அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. மாற்றிய பின்னும் தான் மாறாமல் நிற்கிறது. மாவு புளிப்பதும் பால் தயிராவதும் இந்த நொதிகளின் வேலையே.

தொழிற்சாலையில் பெருங்கொதிகலன்களும் கடுமையான அமிலங்களும் செய்யும் வேலையை, நொதி வெதுவெதுப்பான நீரில் அமைதியாகச் செய்து முடிக்கிறது. ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. நொதி நீரில் கரைந்துவிடும் பொருள். வேலை முடிந்தபின் அதைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று. ஆற்றில் கரைத்த புளியை மீண்டும் அள்ள முடியுமா? அழியாமல் இருக்கும் நொதியையும் வேறு வழியின்றி வீணாக்கிவிட்டு, அடுத்த முறைக்குப் புதிய நொதியை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இந்த இழப்பைத் தவிர்க்க அறிவியலார் கண்ட வழி யாது? நொதியையோ, நொதியை உடைய நுண்ணுயிரையோ ஓரிடத்தில் கட்டி நிறுத்துவதுதான்.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. மரச்சீவல்களை நிரப்பிய தொட்டியில் சாராயநீரைச் சொட்டச்செய்து காடி தயாரிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் வழங்கியது. சீவல்களில் ஒட்டி வாழ்ந்த பாக்டீரியாக்களே சாராயத்தைக் காடியாக்கின. 1916-இல் நெல்சன், கிரிஃபின் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கரியின் மீது ஒட்டிக்கொண்ட பின்னும் சர்க்கரையைப் பிளக்கும் நொதி தன் தொழிலை விடவில்லை என்று காட்டினர். ஜப்பானில் டனாபே சேயாகு என்னும் மருந்து நிறுவனம் 1969-இல் கட்டுண்ட நொதியை முதன்முதலாக ஆலையில் பயன்படுத்தியது. அங்கே இச்சிரோ சிபாட்டாவும் அவர்தம் குழுவினரும் 1973-இல் மேலும் ஒரு படி சென்றனர். நொதியைப் பிரிக்காமல், முழுப் பாக்டீரியாக்களையே பாலிஅக்ரிலமைடு என்னும் பாலிமரில் பதித்து, ஆஸ்பார்டிக் அமிலம் செய்தனர். அந்தப் பாக்டீரியாக்களின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 120 நாட்கள் ஆயின. பின்னர் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் காராஜீனன் என்னும் பாலிமரில் பதித்து உறுதிப்படுத்தியபோது, அதே ஆற்றல் இரண்டாண்டுக்குச் சற்றே குறைந்த காலம் நீடித்தது.

பாலிமர் என்பது யாது? சிறு மூலக்கூறுகள் சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றோடொன்று தொடுத்து நிற்கும் நீண்ட மூலக்கூறு. இச்சங்கிலிகள் பின்னி வலையானால், அவ்வலைக்குள் நுண்ணுயிர் அகப்பட்டுக்கொள்ளும். ஈஸ்ட் உயிரணுவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு. சர்க்கரை மூலக்கூறின் அளவோ ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே, வலைக்கண் வழியே சர்க்கரை தாராளமாக உள்ளே போகும்; விளைபொருள் வெளியே வரும்; உயிரணு மட்டும் உள்ளேயே தங்கிவிடும்.

மாணவ நேயர்களே, இதை உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே ஆசிரியர் துணையுடன் செய்து பார்க்கலாம். பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து சோடியம் அல்ஜினேட் என்னும் பொருள் எடுக்கப்படுகிறது. அத்தகைய பாசிகள் நம் மன்னார் வளைகுடாவிலும் வளர்கின்றன. 100 மில்லி நீரில் 2 கிராம் அல்ஜினேட்டைக் கரைத்து, ரொட்டிக்கு இடும் ஈஸ்டைச் சிறிது கலந்துகொள்ளுங்கள். இக்கலவையைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த அக்கணமே முத்துப்போல் உருண்டு திரளும். கால்சியம் அயனிக்கு இரண்டு மின்னேற்றங்கள் உண்டு. அது ஒரு கையால் ஒரு சங்கிலியையும் மறு கையால் மற்றொன்றையும் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். அரைமணி நேரம் கழித்து மணிகளைக் கழுவிச் சர்க்கரை நீரிலிட்டால், சிறிது நேரத்தில் குமிழிகள் எழும். மணிக்குள் ஈஸ்ட் உயிரோடு உழைக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பின்னர் வடிகட்டி எடுத்து, புதிய சர்க்கரை நீரில் மீண்டும் இடலாம்.

ஆலையில் இத்தகைய மணிகளை உயரமான குழாயில் நிரப்புவர். மேலிருந்து மூலப்பொருள் பாயும். கீழே விளைபொருள் இறங்கும். வேலை இடையறாது நடக்கும். ஆம்பிசிலின் போன்ற மருந்துகளுக்கு வேண்டிய அடிப்படைப் பொருளைப் பெனிசிலினிலிருந்து பெறுவதற்கும் கட்டுண்ட நொதிகள் பயன்படுகின்றன. இத்துறையில் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் ஆராய்ச்சி செய்துள்ளது. எனினும் குறைகள் இல்லாமல் இல்லை. மணி பெரிதானால் அதன் நடுவே ஆக்ஸிஜன் எட்டாது; உள்ளிருக்கும் உயிரணுக்கள் நலியும். பாஸ்பேட் மிகுந்த நீரில் கால்சியம் பிரிந்துபோய் அல்ஜினேட் மணி கரைந்துவிடும். முழு உயிரணுவில் வேறு பல நொதிகளும் இருப்பதால், வேண்டாத பொருள்களும் விளையக்கூடும்.

இவ்வளவும் திண்டுக்கல்லுக்கு எவ்வாறு தொடர்புடையவை என நீங்கள் வினவலாம். இவ்வூரின் பெயர்பெற்ற தொழில்களுள் தோல் பதனிடுதல் ஒன்று. ஆவாரம்பட்டை கொண்டு பதனிடுவது நம் நாட்டின் பழைய முறை. குரோமிய உப்புக் கொண்டு பதனிடுவது பின்னர் வந்தது. பதனிடுமுன் தோலிலுள்ள மயிரை நீக்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடுவர். சல்பைடு மயிரையே கூழாகக் கரைத்துக் கழிவுநீரில் சேர்க்கிறது. தோலைக் கெடாமல் காக்க இட்ட உப்பும் அதே நீரில் கலக்கிறது. கொடகனாற்றுப் படுகையில் பல கிணறுகள் இதனால் உவர்ப்பேறின. 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் கட்டவும், கழிவுநீரைத் தூய்மை செய்ய ஏற்பாடு செய்யவும் அது ஆணையிட்டது. தொழிலும் வேண்டும், கிணற்றில் நல்ல நீரும் வேண்டும் என்பதே இவ்வட்டாரத்தின் சிக்கல்.

இங்கே நொதி துணைபுரிய வல்லது. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் என்னும் நொதியைத் தோலில் பூசினால், அது மயிர்க்காலைப் பிடித்திருக்கும் புரதத்தைத் தளர்த்தும். மயிர் கரையாமல் முழுதாகக் கழன்று வரும், அதை அரித்தெடுத்துவிடலாம். 1948-இல் தொடங்கப்பெற்ற சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இம்முறையில் நெடுங்காலம் ஆய்வு நடத்தியுள்ளது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வேலைக்கு நொதியை மணிக்குள் கட்டிவைத்தால் பயனில்லை. நொதி தோலின் உள்ளே ஊடுருவ வேண்டும். மணி தோலுக்குள் நுழையாது. எங்கே மூலப்பொருள் நொதியைத் தேடி வர இயலுமோ, அங்கேதான் கட்டுண்ட நொதி பயன்படும். நொதியே தேடிச் செல்ல வேண்டிய இடத்தில் அது பயன்படாது.

கழிவுநீர் தேடி வரக்கூடிய பொருள். ஆகவே அங்கே கட்டுண்ட நுண்ணுயிருக்கு நல்ல வேலை உண்டு. நெல் உமியிலிருந்து செய்த நுண்துளைக் கரியில் நுண்ணுயிர்களைத் தங்கவைத்து, தோல் ஆலைக் கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களைச் சிதைக்கும் முறையை அதே ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துள்ளனர். வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படாமல் கரியில் ஒட்டியிருப்பதால் அவ்வுயிர்கள் தொடர்ந்து உழைக்கின்றன.

ஆயினும் நுண்ணுயிர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எண்ணுதல் தவறு. கரிமப் பொருளைத்தான் அது உண்ணும். குரோமியம் ஒரு தனிமம். அதைப் பிடித்து வைக்கலாமேயன்றி அழிக்க இயலாது. உப்பையும் எவ்வுயிரும் தின்று தீர்க்காது. தோலில் இடும் உப்பைக் குறைப்பதும், இட்டதை உதறி எடுப்பதும், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவதும் மனிதர் செய்ய வேண்டியவை. எந்த அழுக்கை உயிரால் நீக்கலாம், எதை நாமே தடுக்க வேண்டும் என்று பிரித்தறிவதே இத்துறையில் முதற்பாடம். இரசாயனமும் உயிரியலும் பயிலும் மாணவர்கள் அப்பாடத்தைத் தம் ஊர்க் கிணற்று நீரைச் சோதிப்பதிலிருந்தே தொடங்கலாம்.