துவிச்சக்கரவண்டியின் இருக்கையும் முழங்காலின் உழைப்பும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை ஏற்பட்டபோது, கொழும்பு வீதிகளிலே துவிச்சக்கரவண்டி மீண்டும் பெருகலாயிற்று. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பகுதிக்கும் தொழிலுக்குச் செல்வோர் பலர் அதனை நாடினர். வண்டிகளின் விலையேற்றம் அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது. அவ்வண்டியில் உடல் எவ்வாறு அமர்தல் வேண்டும் என்பதோ பந்தய வீரர்களுக்குரிய விடயமாகவே இன்றும் கருதப்படுகிறது. நாள்தோறும் மிதித்துப் பிழைப்பவனுக்கே அது முதலில் உரியது.

நம் நகரில் இருக்கை பெரும்பாலும் தாழ்த்தியே வைக்கப்படுகிறது. இதற்குக் காரணம் அறியாமை மாத்திரமன்று. காலி வீதியில் பஸ் வண்டி இடப்புறம் ஒதுங்கி நிற்கும்போது, இருந்த இருப்பிலேயே இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்ற அச்சமே அதன் அடிப்படை. அச்சம் நியாயமானதே, ஆயினும் அதற்கான விலையை முழங்கால் செலுத்துகிறது. இருக்கை தாழ்ந்திருப்பின், மிதியை அழுத்தும் வேளையில் முழங்கால் மிகையாக மடிந்திருக்கும். அந்நிலையில் முழங்காற் சிரட்டை தொடையென்பின்மீது கூடிய விசையுடன் அழுத்தப்படுகிறது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிப்பவன், அரைமணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு காலாலும் 1800 தடவை இவ்வழுத்தத்துக்கு உட்படுகிறான். முழங்காலின் முற்புறத்து நோவு இதன் வழக்கமான அறிகுறி. இருக்கை மிகையாக உயர்ந்திருப்பினோ இடுப்பு இருபுறமும் ஆடும். நோவு முழங்காலின் பிற்புறத்தில் தோன்றும்.

உயரத்தை அளவிடும் முயற்சிகளுள் 1967இல் ஹம்லி, தோமஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, கால்களிடையே ஒரு நூலை மேலே இறுக்கி, நிலத்திலிருந்து நூலின் மேல்விளிம்பு வரை அளந்தால் உட்கால் நீளம் கிடைக்கும். அதன் 109 வீதம், கீழ்நிலையிலுள்ள மிதியின் அச்சுக்கும் இருக்கையின் மேற்பரப்புக்கும் இடைப்பட்ட தூரமாதல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு. உட்கால் 78 சென்ரிமீற்றராயின் இத்தூரம் ஏறக்குறைய 85 சென்ரிமீற்றர். ஆனால் உட்கால் நீளம் ஒத்த இருவருக்குத் தொடையும் கணைக்காலும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை. எனவே, மிதி கீழ்நிலையில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருத்தல் வேண்டும் என்ற விதியே மேலானதெனப் பிற்கால ஆய்வாளர் கருதுவர். கருவியெதுவும் இல்லாதவர் மிதியிற் குதிகாலை வைத்துப் பார்க்கலாம்: கால் முற்றாக நிமிர்ந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது வேண்டிய மடிவு தானே அமையும்.

அடுத்தது முன்பின் நிலை. மிதிகள் கிடையாக நிற்கையில், முன்காலின் முழங்கால் முற்புறத்திலிருந்து தொங்கவிட்ட தூக்குநூல் மிதியச்சின் மேலே விழ வேண்டும் என்பர். இது தொடக்கத்துக்கு உதவும் வழக்கேயன்றிப் பொறியியல் விதியன்று. இருக்கையைப் பின்தள்ளினால் மிதிக்கான தூரமும் கூடுமாதலால், உயரத்தை மறுபடி பார்த்தல் அவசியம். சாய்வு ஏறக்குறையச் சமமாக இருப்பின் போதும். மூக்கு உயர்ந்தால் கவட்டு நரம்புகள் அழுந்தி மரப்பு உண்டாகும், தாழ்ந்தால் உடற்பாரம் கைகளுக்குச் செல்லும்.

இவ்வளவுகள் நிலைத்த வண்டியில் ஆய்வுகூடத்தில் மிதித்தோரிடம் பெறப்பட்டவை என்பது மனங்கொளத்தக்கது. பின்னால் மீன்பெட்டி ஏற்றிக் கொட்டாஞ்சேனைச் சந்திகள்தோறும் நின்று செல்பவர் அவரல்லர். அவருக்கு ஒரு சென்ரிமீற்றர் தாழ்வு குற்றமாகாது. அதற்கு மேலும் தாழ்த்துவதைவிட, நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி ஒரு காலை நிலத்தில் ஊன்றப் பழகுதல் நன்று. பாதம் நிலத்தைத் தொடவேண்டும் என்பதற்காக இருக்கையைத் தாழ்த்தும் தேவையே அப்போது அற்றுவிடும்.

மாற்றத்தை ஒருமுறைக்கு ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்படாது செய்து, சில நாட்கள் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இருக்கைத் தண்டில் பொறிக்கப்பட்ட எல்லைக்கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்துதல் ஆபத்தானது. வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றினால் உருக்குத் தண்டு சட்டத்துள் துருப்பிடித்து இறுகிவிடுவதும் உண்டு. ஆண்டுக்கொரு முறையேனும் அதனைக் கழற்றிக் கிறீஸ் பூசுவது நல்லது. ஒரே வண்டியை வீட்டில் இருவர் பயன்படுத்துவதாயின், தண்டில் இரு நிறங்களில் அடையாளமிட்டு வைக்கலாம்.