தந்தைமைப் பரிசோதனை: வீட்டிலா, நீதிமன்றத்தின் வழியிலா?

குழந்தையின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழப் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. குழந்தையின் மாதிரியையும் தந்தை எனப்படுபவரின் மாதிரியையும் குறிப்பிட்ட பல இடங்களில் ஒப்பிட்டுத் தந்தைமையைத் துணியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்த உயிரணுக்களே இதற்குப் போதும்.

வீட்டில் எடுத்தனுப்பும் மாதிரியும் நீதிமன்ற ஆணைப்படி எடுக்கும் மாதிரியும் இவ்வாறே ஆராயப்படுகின்றன. வேற்றுமை யாதெனில், முன்னதில் அம்மாதிரி யாருடையது என்பதற்குச் சாட்சியம் இல்லை. பின்னதில் அடையாளம் சரிபார்க்கப்பட்டு, மாதிரி முத்திரையிடப்பட்டு, கைமாறுந்தோறும் பதிவு செய்யப்படுகிறது.

விஞ்ஞான உறுதி மட்டுமே சட்டத்துக்குப் போதாது. புனேயில் ஒரு கணவர், தாமே தனியார் ஆய்வுக்கூடத்தில் பெற்ற முடிவைக் காட்டி மணவிலக்குக் கோரினார். 2021-ல் குடும்ப நீதிமன்றம் சிறுவனைப் பரிசோதிக்க ஆணையிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை ரத்துச் செய்தது. மணவாழ்வில் பிறந்த குழந்தை அத்தம்பதியருடையதே என்பது சட்டத்தின் அனுமானம். கருவுறக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தாலன்றி அது மாறாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-ஆம் பிரிவாக உள்ளது.

ஆகவே, ஆலோசனை நாடி வருவோரை, மாதிரி எடுக்குமுன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புதல் நன்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கு இலவச சட்ட உதவி உண்டு. வழக்கைத் தொடுப்பவர் பெரியவர். அதன் பழியைச் சுமப்பதோ, வகுப்பில் நம்முன் அமர்ந்திருக்கும் குழந்தை.