கைமாறும் டியூபா

பித்தளை வாத்தியங்களில் ஆகப் பெரியது டியூபா. 1835இல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும் ஜோஹன் மோரிட்ஸும் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய பி ஃபிளாட் டியூபாவின் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 18 அடிக் குழாய் வரும். மேடைக் கலைஞர்கள் வாசிக்கும் தரத்தில் புதிதாக ஒன்று வாங்கப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் வேண்டும். அதனால்தான் பழைய டியூபாவுக்கு எப்போதும் கிராக்கி.

புகழ்பெற்ற டியூபா கலைஞர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் வாசித்ததும் கைமாறி வந்த வாத்தியம்தான். 1930களில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரின் யார்க் நிறுவனம் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுக்காகச் செய்த டியூபாவை, மாணவராக இருந்தபோதே 175 டாலருக்கு வாங்கினார். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்ஃபனியில் அவர் கையில் அது ஒலித்தது. பின்னாளில் யமஹா, ஹிர்ஸ்ப்ரூனர் நிறுவனங்கள் அதை அளந்து பார்த்து அதே மாதிரியில் டியூபா செய்தன.

பழைய டியூபா வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது ஒடுக்குகள். தரையில் உட்காரும் அடிவளைவில் ஒடுக்கு விழாத டியூபாவே அபூர்வம். அதற்காகப் பின்வாங்க வேண்டாம். ஆனால் மவுத்பீஸ் செருகும் முதல் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அங்கே குழாய் ஒடுக்கமானது. சின்ன நசுங்கல்கூட ஒலியைப் பாதிக்கும். இளஞ்சிவப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், வாசிப்பவரின் எச்சில் ஈரத்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி, வலுவற்ற செம்பு மட்டும் மிஞ்சுகிறது என்று அர்த்தம். உள்ளிருந்து அரித்து வந்த குழாயை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து வால்வு. விலையைத் தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். வால்வை அழுத்தாமல், அதனோடு இணைந்த இழுகுழாயான ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். இரண்டு மூன்று வினாடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் ஸ்லைடு தளர்ந்திருக்கலாம், அல்லது வால்வு உறைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த பிஸ்டனுக்கு முலாம் பூசி, உறைக்குப் பொருந்தும்படி இழைத்துத் தர ஆள் உண்டு. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் தேய்மானம் கொஞ்ச நேரம் மறைந்துவிடும். ஆகவே துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெய் போட்டுச் சோதிப்பதே முறை.

எந்தப் பட்டறையிலும் எளிதில் சரிசெய்ய முடியாதது சுருதி. குழாயின் வடிவத்திலேயே அது அமைந்துவிடுகிறது. டியூனரை வைத்துக்கொண்டு கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிறுத்தி வாசியுங்கள். உதட்டாலோ ஸ்லைடாலோ சமாளிக்க முடியாத அளவுக்கு விலகுகிற டியூபா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளபளக்க வைக்கிறேன் என்று இயந்திரத்தில் கொடுத்துத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் தகடு மெலிகிறது, விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தாலே விலையைக் குறைப்பார். இறுகிய ஸ்லைடை நீங்களே பிடித்து இழுக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஒடுக்குகளை மறைக்காமல் படமெடுத்துக் காட்டுங்கள். வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் கூடவே வையுங்கள். 2011 தொடங்கித் தெற்குக் கலிஃபோர்னியாவின் பள்ளிகளில் டியூபாக்கள் அடுத்தடுத்துத் திருடுபோயின. வாங்குபவர் அந்த எண்ணைக் கேட்பது நியாயம்தான்.